சோப்புத்தூளுக்கு மாற்று தேடுகிறீர்களா? முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் இருந்தவரை எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தேங்காய் எண்ணெய் சோப்புக் கட்டியைத் துணியில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், நுரை மணிக்கட்டு வரை ஏறும். அப்புறம் சென்னைக்கு, தாம்பரம் தாண்டி ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். அதே சோப்பு, அதே துணி. ஆனால் பக்கெட்டில் நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு மாதத்தில் வெள்ளை போய்ச் சாம்பல் பூத்துவிட்டது. சோப்பை மாற்றினேன், கடையை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு போர் தண்ணீரில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சோப்புத்தூளை விட்டுவிட்டு இயற்கையான, செலவு குறைந்த முறைக்கு வர நினைக்கிறவர்களில் நிறையப் பேர் ஒரு மாதத்திலேயே பழையபடி திரும்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சோப்பு மாதிரி நுரைக்கும் காயான பூந்திக்கொட்டை வாங்குவார்கள், ஊறவைப்பார்கள், காலர் அழுக்கு அப்படியே இருக்கும், "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுவார்கள். பூந்திக்கொட்டை நல்ல பொருள்தான். அதனால் முடியாத வேலையை அதனிடம் கொடுத்ததுதான் சிக்கல்.

பாக்கெட்டில் வரும் சோப்புத்தூள் ஒரே பொருள் கிடையாது. தண்ணீரின் கடினத்தன்மையை முறிக்க ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்ற ஒன்று, கழன்ற அழுக்கு மறுபடி துணியில் ஒட்டாமல் தடுக்க ஒன்று, வெள்ளை பளிச்சென்று தெரிய ஒன்று, வாசனைக்கு ஒன்று, எடை கூட்ட ஒன்று என்று பல சரக்கு சேர்ந்தது அது. அந்த இடத்தில் ஒரே ஒரு கொட்டையை வைத்தால் எப்படிச் சமாளிக்கும்? வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பொருளைக் கொடுக்க வேண்டும். அதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இருக்கிற தூளைப் பாதியாக்குங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். துவைத்துக் காய்ந்த இரண்டு துண்டுகளை எடுத்து, சோப்பு எதுவும் போடாமல் ஒரு பக்கெட் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கையால் நன்றாகக் கசக்குங்கள். தண்ணீரில் நுரை வந்தால், போன தடவை போட்ட தூள் இன்னும் துணியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தூளுக்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதைக் கழுவ ஊற்றிய தண்ணீருக்கும் கொடுத்திருக்கிறீர்கள். துண்டு முரமுரவென்று ஆவதற்கும், தோல் அரிப்பதற்கும் இந்தத் தங்கல் ஒரு காரணம்.

அடுத்த துவையலுக்கு வழக்கமான அளவில் பாதி போடுங்கள். அழுக்கு போகிறதா என்று பாருங்கள். சாதாரணமாக வியர்த்த துணிக்குப் பாதியே போதும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்துவிடும். நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறையப் போகிறது என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட வேண்டும். நுரை வெறும் காற்று. 2019 மழைக்காலத்தில் மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை ஒதுங்கியதும், அதில் பிள்ளைகள் விளையாடியதும் நினைவிருக்கலாம். பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரையும் நொய்யல் நுரையும் இன்னும் பழைய கதை. சுத்திகரிக்காத கழிவுநீரோடு நம் வீட்டுச் சோப்பு நீரும் சேர்ந்துதான் அங்கே போகிறது. தூளைப் பாதியாக்கினால் அதில் நம் பங்கும் அன்றைக்கே பாதியாகிறது.

இரண்டாம் படி: தண்ணீர்ச் சோதனை

ஒரு காலி பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். சாதாரண எண்ணெய் சோப்பைக் கத்தியால் கால் ஸ்பூன் அளவுக்குச் சீவிப் போட்டு, மூடிவைத்து நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை கட்டி, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை சட்டென்று அடங்கி, தண்ணீர் பால் போலக் கலங்கித் திப்பி ஒட்டினால் கடின நீர். இன்னொரு பாட்டிலில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் இதையே செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும்தான் காரணம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடுகின்றன. சோப்பு அழுக்கிடம் போவதற்கு முன்னால் தண்ணீரிலேயே செலவாகிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. பல புறநகர்ப் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில், சில நேரம் மேலேயும் இருக்கும். தண்ணீர் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் அதில் டி.டி.எஸ். எண்ணைப் பார்க்காதீர்கள், அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு. மொத்தக் கடினத்தன்மை என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

மூன்றாம் படி: சலவை சோடா

மென்னீர் வருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இதுதான் அடித்தளம்.

மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு வேறு, இது வேறு. வாஷிங் சோடா சோடியம் கார்பனேட், ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட். ஆப்ப சோடா ரொம்ப மென்மையானது, துணிக்குப் பெரிதாக உதவாது. அவசரத்துக்கு ஆப்ப சோடாவை எவர்சில்வர் தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் அது வாஷிங் சோடாவாக மாறிவிடும். 100 கிராம் போட்டால் சுமார் 63 கிராம் மிஞ்சும். மீதி ஆவியாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். ஆனால் கடையில் வாங்குவதுதான் மலிவு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடிக் கற்கண்டு மாதிரி படிகமாக இருப்பதும் வாஷிங் சோடாதான், மாவு மாதிரி தூளாக இருப்பதும் வாஷிங் சோடாதான். படிகத்தில் எடையில் 63 சதவீதம் தண்ணீர். தூள் ஒரு ஸ்பூன் போடும் இடத்தில் படிகம் இரண்டரை ஸ்பூனுக்கு மேல் வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு இப்படி: கடினத்தன்மை 300 இருக்கும் 15 லிட்டர் பக்கெட்டுக்கு 5 கிராம் தூள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். 600 என்றால் இரண்டு டீஸ்பூன். இது தண்ணீரை மென்மையாக்க மட்டும். பிசுக்கான துணி என்றால் இன்னும் ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம். முதலில் ஒரு மக் வெந்நீரில் சோடாவைக் கரைத்து, பிறகு பக்கெட்டில் ஊற்றிக் கலக்குங்கள். துணியை உடனே போடாதீர்கள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் லேசாக மங்கும், அரைமணி நேரம் விட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். அதுதான் நம் சோப்பைத் தின்றுகொண்டிருந்த சுண்ணாம்பு. மேல் தண்ணீரை மெதுவாக வேறு பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு அடியைக் கீழே ஊற்றிவிடுங்கள். நேரமில்லாத நாளில் மாற்றாமலும் துவைக்கலாம். ஆனால் வெள்ளைத் துணிக்கு மட்டும் நான் மாற்றிவிடுவேன்.

மெஷினில் இந்தத் தெளியவைக்கும் வசதி இல்லை. சோடாவைக் கரைத்து டிரம்மில் ஊற்றி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு சோப்போ பூந்திக்கொட்டை நீரோ சேர்ப்பேன்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கூடவே கூடாது, காரம் இழையைத் தின்றுவிடும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், பாத்திரம் கறுக்கும். கையில் வெட்டோ வெடிப்போ இருந்தால் கையுறை போடுங்கள். சாயம் போகும் துணி என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

இது ஒன்றும் புது யுக்தி கிடையாது. நம் சலவைத் தொழிலாளர்கள் கோடையில் தரையில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டிச் சேர்த்துவைப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இதே சோடாதான். துணியை உவர்மண் கரைசலில் முக்கிப் பிழிந்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். வெள்ளாவி என்பது அதுதான். காரமும் சூடும் சேர்ந்தால் பிசுக்கு எப்படி விடும் என்பதை அவர்கள் கையாலேயே அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில், களர் நிலத்தில், அதாவது உவர் நிலத்தில், தோண்டிய கூவல் (கிணறு) நீரில் ஒரு சலவைப் பெண் துவைத்த தூய வெள்ளாடை வருகிறது. களர் மண்ணில் ஊறும் நீரில் சோடா இயல்பாகவே கரைந்திருக்கும். நல்ல வெள்ளைக்கு எந்த நீரைத் தேடிப் போக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் படி: பூந்திக்கொட்டை

சில ஊரில் பூவந்திக்கொட்டை என்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் எந்தப் பெயரில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். நகைக்கடைக்காரர்களும் பட்டுப்புடவை வைத்திருக்கும் வீடுகளும் இதை விட்டதே இல்லை. நம் பக்கத்து மரத்தின் காய் இரண்டு மூன்று மடலாக ஒட்டியிருக்கும், மேலே பூனைமயிர் மாதிரி இருக்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து ரீட்டா என்று வருவது தனி உருண்டை, தோல் பளபளப்பு. இரண்டும் நுரைக்கும்.

"கொட்டை எடுத்ததா, எடுக்காததா?" என்று கடைக்காரர் கேட்பார். எடுத்ததையே வாங்குங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு விதையில் நமக்கு வேலை இல்லை, எடைக்கு மட்டும் காசு போகும். பொடியாக வாங்காதீர்கள். தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, பொடியில் என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது.

நீர் தயாரிக்கும் விதம்:

100 கிராம் தோலை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப் போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பில் ஏற்றுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பால் மாதிரி பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிஷம். தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வரும், புளிப்பும் பழவாடையும் கலந்த ஒரு வாசனை எழும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உள்ளே கைவிட்டுத் தோலைப் பிசையுங்கள். ஊறிய தோல் புளியம்பழம் மாதிரி வழுக்கும், விரல் இடுக்கில் சின்னச் சின்ன நுரை அடர்த்தியாகக் கிளம்பும். கண்ணைத் தொடாமல் கையைக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வலைவடிகட்டி போதாது, சின்னத் துணுக்கு தங்கினால் வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளியாக ஒட்டும், மெஷின் வடிகட்டியையும் அடைக்கும். சக்கையை இன்னும் முக்கால் லிட்டர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து இரண்டாம் நீர் எடுத்து, முதல் நீரோடு சேர்த்துவிடுங்கள். மொத்தம் ஒன்றரை லிட்டர் சுமாருக்கு வரும். மிச்சச் சக்கையில் பித்தளை விளக்கைத் தேய்த்துவிட்டு, அப்புறம் உரக்குழியில் போடலாம்.

ஒரு மெஷின் துவையலுக்கோ, பத்துப் பதினைந்து துணி கொண்ட ஒரு பக்கெட்டுக்கோ 100 முதல் 150 மி.லி. போதும். விலை கடைக்குக் கடை மாறும். தோல் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 20 ரூபாய், அதில் பத்துப் பன்னிரண்டு துவையல். ஒன்றுக்கு இரண்டு ரூபாய்க்குள் வருகிறது, கேஸ் தனி. உங்கள் ஊர் விலையை வைத்து இதே மாதிரி கணக்குப் போட்டு, இப்போது வாங்கும் தூளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நீர் வெளியே இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். நான் ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டியாக்கி, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பார்ப்பதற்குக் காப்பி டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கும், பிள்ளைகள் வாயில் வைத்துவிடக் கூடாது.

அடுப்பு ஏற்ற நேரமில்லை என்றால் பைமுறை. பத்துக் காயின் தோலை, அதாவது 15 முதல் 20 கிராமை, ஒரு சின்னக் காட்டன் பையில் இறுக்கிக் கட்டி, ஐந்து நிமிஷம் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரோடு மெஷினில் போட்டுவிடுவது. வெந்நீரில்தான் சத்து நன்றாக இறங்கும். அதே பை மூன்று நான்கு தடவை வரும். தோல் வெளுத்து நைந்து, பிழிந்தால் நுரை வராமல் போனால் மாற்றுங்கள். இடையில் பையை வெயிலில் காயப்போடாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பூந்திக்கொட்டையில் நுரைப்பது சாபோனின். சோப்பைப் போல இது கடின நீரில் திரிவதில்லை, அது பெரிய நன்மை. ஆனால் அழுக்கு நீக்கும் சக்தி சோப்பைவிடக் குறைவு. நாள்தோறும் உடுத்தும் வியர்வைத் துணி, படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி, பட்டு, கைத்தறி, கம்பளி இதற்கெல்லாம் அருமை. மெக்கானிக் சட்டை, சமையலறைக் கைப்பிடித்துணி, காலர் அழுக்கு இதற்குப் போதாது. வெள்ளையை மட்டுமே வாரக்கணக்கில் இதில் துவைத்தால் லேசாகப் பழுப்பேறும். என் வீட்டில் வண்ணத் துணிக்கும் பட்டுக்கும் பூந்திக்கொட்டை, வெள்ளைக்கும் பிசுக்குக்கும் சோடாவும் எண்ணெய் சோப்பும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாபோனின் மீனின் செவுளைத் தாக்கும். ஆகவே இயற்கைப் பொருள்தானே என்று குளத்துக்குள்ளேயே, ஓடைக்குள்ளேயே இதைப் போட்டுத் துவைக்காதீர்கள். கரையேறி, மண்ணில் ஊற்றுங்கள். மண்ணில் இது சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஐந்தாம் படி: எண்ணெய் சோப்பு

இதில் பெரிய சூட்சுமம் இல்லை. தேங்காய் எண்ணெயில் செய்த துணி சோப்புக் கட்டியைத் துருவி 50 கிராம், வாஷிங் சோடாத் தூள் 50 கிராம், இரண்டு லிட்டர் வெந்நீர். முதலில் சோப்பு கரையட்டும், அப்புறம் சோடா. ஆறினால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். ஒரு துவையலுக்குக் கால் டம்ளர். மற்ற எண்ணெய் சோப்புகளைவிடத் தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரை தரும், கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் வீட்டிலேயே இதைக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காஸ்டிக் சோடாவைக் கையாள வேண்டும் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன், கட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். கடின நீரில் சோடாவைக் குறைத்துவிட்டால் திப்பி மெஷினுக்குள் படியும், அதில் மட்டும் கவனம்.

கறைகள்

மாற்று முறையில் கறையை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக ஊறப்போட்டு, தூள் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. இதுதான் இந்த முறையின் உண்மையான விலை, வாரத்துக்குக் கூடுதலாக ஒரு அரைமணி நேரம்.

சாம்பார் கறையில் மஞ்சள்தான் முக்கியம். வெள்ளை வேட்டியில் சாம்பார் சொட்டி, அதில் சோப்பு போட்டவுடன் கறை ரத்தச் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பயந்து இன்னும் தேய்ப்போம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். அலசினால் மறுபடி மஞ்சளாகும். எண்ணெயைச் சோப்பில் போக்கிவிட்டு, ஈரத்தோடு நல்ல வெயிலில் கறை மேலே தெரியும்படி விரித்துப்போடுங்கள். காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. சித்திரை வெயிலில் ஒரே நாளில் போய்விடும், மார்கழியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். வேறெந்தக் கறைக்கும் இவ்வளவு எளிய வைத்தியம் கிடையாது.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் சிந்தினால் உடனே அரிசி மாவையோ கடலை மாவையோ கொட்டி அது உறிஞ்சியபின் உதறிவிட்டு, காய்ந்த துணியிலேயே சோப்பைத் தேய்த்து, பிறகு நனையுங்கள். காலருக்கும் முழங்கைக்கும் சோடாவையும் சோப்பையும் கூழாக்கித் தடவி அரைமணி நேரம். போர் தண்ணீரின் இரும்புப் பழுப்புக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம், அதற்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் பழுப்பாகும். வாழைக்கறை மட்டும் போகாது. அந்தச் சட்டையைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணி மொத்தமாக மங்கிவிட்டால் சோடியம் பெர்கார்பனேட் என்ற தூள் இருக்கிறது, ஆக்சிஜன் பிளீச் என்று விற்பார்கள். 60 டிகிரி வெந்நீரில் பக்கெட்டுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போட்டு, துணியை இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். வேலை முடிந்ததும் அது சோடா, தண்ணீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும், குளோரின் இல்லை. கரைத்ததைப் பாட்டிலில் மூடிவைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். பட்டு, கம்பளி வேண்டாம். பிள்ளையின் அந்தச் சாம்பல் சட்டையை மாதம் ஒரு தடவை இப்படி ஊறவைத்து, மூன்றாவது மாதம் பழைய வெள்ளைக்குக் கொண்டுவந்தேன்.

அலசலும் உலர்த்தலும்

சோடா போட்டுத் துவைத்தால் கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகரோ, அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்போ (சிட்ரிக் அமிலம்) சேர்த்தால் மிச்சக் காரமும் சுண்ணாம்பும் போய்த் துண்டு மெத்தென்று ஆகும். வாசனைத் திரவம் தனியாகத் தேவையில்லை. ஆனால் வினிகரைச் சோப்போடும் சோடாவோடும் சேர்த்து ஒரே நேரத்தில் போடும் செய்முறைகள் நிறையச் சுற்றுகின்றன. புஸ்ஸென்று பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், பலன் இல்லை. சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், சோப்பு எண்ணெயாகத் திரிந்து துணியில் ஒட்டும். குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகரை எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பழத்தோலும் வெல்லமும் தண்ணீரும் 3:1:10 என்று போட்டு மூன்று மாதம் நொதிக்கவைக்கும் பயோ என்சைமைப் பற்றியும் கேட்பார்கள். அது புளித்த காடி. தரை துடைக்க நன்று, அலசும் நீரில் சேர்க்கலாம். அதுவே சோப்பின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காட்டன் சேலைக்கு வடித்த கஞ்சி போதும். ஒரு டம்ளர் கஞ்சியை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து வடிகட்டி முக்கி எடுங்கள், திப்பி இருந்தால் இஸ்திரியில் ஒட்டும். கொச்சிக் கோட்டைப் பகுதியில் வேலி என்ற இடத்தில் தலைமுறைகளாக வேலை செய்யும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் இன்னும் கஞ்சி போடுகிறார்கள். அவர்கள் கொடிக்கு இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கிளிப்பே வேண்டாம், காற்றுக்கும் பறக்காது. நானும் மாடியில் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். வண்ணத் துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில், வெள்ளையை வெயிலில்.

துவைத்த தண்ணீரை எங்கே விடுவது

பூந்திக்கொட்டை நீரும் அலசிய நீரும் தோட்டத்துக்குப் போகலாம். ஒரே செடிக்கு ஊற்றாமல் இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள், கீரைப் பாத்தியை விட்டுவிடுங்கள். சோடா போட்ட முதல் நீர் மட்டும் தோட்டத்துக்கு வேண்டாம். சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போனால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் களராகிவிடும். சிலர் சோடாவுக்குப் பதில் வெங்காரம் (போராக்ஸ்) சேர்க்கச் சொல்வார்கள், அதில் இருக்கும் போரான் செடிக்கு இன்னும் மோசம். எங்கள் வீட்டில் சோடா நீர் சாக்கடைக்குப் போகிறது, மற்றது ஒரு சின்னக் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு குழி, அதில் கல்வாழையும் சேம்பும். போன ஆடியில் நட்டது, இப்போது இடுப்பளவு நிற்கிறது.

தொடங்குகிறவர்கள் முதல் மாதம் படுக்கை விரிப்பையும் வீட்டில் உடுத்தும் துணியையும் மட்டும் இந்த முறைக்கு மாற்றுங்கள். மற்றதற்குப் பாதித் தூள் தொடரட்டும். வாங்க வேண்டியது 250 கிராம் பூந்திக்கொட்டைத் தோல், அரைக் கிலோ வாஷிங் சோடா, ஒரு தேங்காய் எண்ணெய் சோப்புக் கட்டி. தோலை ஒரு வெயில் காயவைத்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாகு மாதிரி ஆகிவிடும். சோடா டப்பாவையும் இறுக்கி மூடுங்கள்.